கப்பல் நியூசுக்கு வைத்திருந்த பேட்டரி

எண்பதுகளின் மறக்கப்பட்ட நியூ வேவ் பாட்டுகள் என்று இணையத்தில் ஒரு வெள்ளைக்காரன் முடிவில்லாத பட்டியல் ஒன்று போட்டு வைத்திருக்கிறான். எந்தக் கடையிலும் விலைபோகாமல், எந்த ரேடியோவும் இரண்டாம் முறை போடாமல், அட்டைப்பெட்டியில் கிடந்து பூஞ்சை பிடித்த இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கித் தூசி தட்டிப் பதிவேற்றுகிறான். ஒவ்வொன்றின் அடியிலும் நாலு பேர் வந்து, இவ்வளவு நல்ல பாட்டை உலகம் எப்படி மறந்தது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். மறக்க முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பாட்டைத் தேடினேன். போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். கடலுக்கடியில் கேபிள் வந்து, தீவிலும் இணையம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு தேடலை ஆரம்பித்தேன். பாட்டின் பெயர் தெரியாது, பாடியவன் பெயர் தெரியாது. தெரிந்ததெல்லாம் கீபோர்டில் திரும்பத் திரும்ப வரும் ஐந்து ஸ்வரங்களும், உணர்ச்சியே இல்லாமல் பாடுகிற ஒரு ஆண் குரலும்தான். இரண்டு வருஷம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்ன இது வயதான காலத்தில் இங்கிலீஷ் பாட்டு என்று வீட்டில் கேட்டதற்கு, பொழுதுபோக்கு என்றேன். பொய். தான் இடறி விழுந்த கல் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவனுக்கு அது பொழுதுபோக்கு இல்லை.

நாங்கள் அப்போது அந்தமானின் லாங் ஐலண்ட் தீவில் இருந்தோம். எழுபதுகளின் கடைசி. அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஐம்பதுகளில் கப்பலேறி வந்து மரமில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிற வேலையில் சேர்ந்தவர். மில் குடியிருப்பில் எங்கள் வீடு வரிசையின் கடைசி. பலகைச் சுவர், தகரக் கூரை. அடுத்த ரேடியோ ஓடைக்கு அந்தப் பக்கம் வங்காளி மேஸ்திரி வீட்டில் இருந்தது. நடுவில் இருந்த வீடுகளில் ரேடியோ கிடையாது. அவர்களுக்கு வேண்டிய செய்தியை மறுநாள் மில்லில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

வேண்டிய செய்தி என்றால் ஒன்றுதான்: போட் எப்போது வரும். தீவில் இருந்திராதவர்களுக்கு இது புரிவது கஷ்டம். அரிசி, மண்ணெண்ணெய், கடிதம், மருந்து, மனிதர்கள், எல்லாம் வாரத்துக்கு ஒருமுறை வருகிற அந்த போட்டில்தான். வழக்கமாக வெள்ளிக்கிழமை. ஆனால் காற்று, மழை, கடல் நீர் வற்றுவது, இன்ஜின் கோளாறு, ஏதாவது ஒன்றில் நாள் மாறும். மாறினால் அதைச் சாயங்காலம் ஏழு மணிக்கு ரேடியோவில் ஹிந்தியில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கப்பல் நியூஸ் என்று பெயர். ஜெபமாலை சொல்லும்போது இருமலாம். கப்பல் நியூஸ் ஓடும்போது இருமக்கூடாது.

ரேடியோவுக்கு நான்கு பேட்டரி. அதுவும் போட்டில்தான் வர வேண்டும்; ஈரத்தில் கிடந்து வந்து சேரும்போது பாதி உயிர்தான் இருக்கும். மழைக்காலத்தில் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். அதனால் அப்பா எப்போதும் ஒரு புது செட்டை செய்தித்தாளில் சுற்றி, தகரப்பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருப்பார். அது கப்பல் நியூசுக்கு மட்டும் என்று உத்தரவு. சட்டமெல்லாம் யாருக்காகப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இருபது வயது. போர்ட் பிளேரில் படிக்கப் போய், இரண்டு தடவை தேறாமல் திரும்பி வந்திருந்தேன். மில்லில் சேரச் சொல்லி அப்பா பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் வேலையில்லாத ராஜாவாகத் தீவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சிற்றலையில் ஒரு வெளிநாட்டு நிலையத்தைக் கண்டுபிடித்தது அப்போதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு, எங்கள் ஊரில் அதற்குள் இருட்டிவிடும், ஒரு ஆள் வந்து, யாருக்கும் தெரியாத குழுக்களின் புதுப் பாட்டுகளைப் போடுவான். நியூ வேவ் என்பான். அதுவரை நான் கேட்டிருந்த பாட்டில் எல்லாம் யாராவது அழுவார்கள் அல்லது காதலிப்பார்கள். இதில் மில் பெல்ட் ஓடுவதுபோல ஒரே தாளம் ஓடியது. அதன் மேல் ஒருவன், எனக்கும் இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி பாடினான். பாதி வார்த்தை புரியாது. ஆனால் அவன் என்னைத் தெரிந்தவன் என்று நம்பினேன்.

அந்த வருஷம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அக்காவின் வீடு போர்ட் பிளேருக்கு வெளியே கராச்சர்மாவில். அத்தானுக்கு அரசாங்க ஆபீசில் வேலை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இங்கேயே இருக்கட்டும் என்றுதான் அத்தான் சொன்னார். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வராவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அம்மா அழுது, சண்டை போட்டு, ஏழாம் மாதம் அவளை போட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்து, ஒரு கம்பவுண்டர் மட்டுமே இருக்கிற தீவுக்குப் பிள்ளை பெற வருவதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீவில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை.

அக்காவுக்கு என் பாட்டு பிடித்தது. முதலில் என்னடா இது, தகரத்தைத் தட்டுகிறான் என்று கிண்டல் செய்தவள், மூன்றாம் வாரம் தானே கட்டிலிலிருந்து கூப்பிட்டு நேரமாகிவிட்டது என்றாள். வயிற்றின் மேல் விரலால் தாளம் போடுவாள். குறிப்பாக ஒரு பாட்டு. அந்த ஐந்து ஸ்வரம். அது ஆரம்பித்ததும் குழந்தை உதைக்கிறது என்று என் கையைப் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வைத்தேன். உதைத்தது.

அந்தப் பாட்டை அவன் மூன்று திங்கட்கிழமை போட்டான். மூன்றாவது திங்கள் வெளியே மழை. பாட்டு ஆரம்பித்த உடனே பழைய பேட்டரி இழுக்கத் தொடங்கியது. நான் நேராகப் போய்த் தகரப்பெட்டியைத் திறந்தேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா கொன்னுபோடுவாரு உன்னை,” என்றாள். சொல்லும்போதே சிரித்தாள்.

“அஞ்சு நிமிஷந்தான். திரும்பச் சுத்தி வச்சிருவேன்.”

புதுப் பேட்டரி போட்டதும் பாட்டு அப்படித் தெளிவாக வந்தது. முடிந்ததும் நான் கழற்றப் போனேன். அக்காதான் சொன்னாள்.

“இருக்கட்டும்டா. இன்னொண்ணு கேப்போம்.”

அடுத்த பாட்டின் நடுவில் வெளியே அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கடகடவென்று குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குமிழைக் கடைசிவரை திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து ரேடியோ அணையும். நான் கடைசிவரை திருகவில்லை. அன்றைக்குக் கப்பல் நியூஸ் கேட்கவும் தேவைப்படவில்லை; போட் விஷயம் வெள்ளிக்கிழமைக்குத்தானே. இரவு முழுக்க, மறுநாள் பகல் முழுக்க, அந்த ரேடியோ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் செவ்வாய். காலையில் அக்காவுக்கு முகம் வீங்கியிருந்தது. கால் வீக்கம் முன்பே இருந்ததுதான், முகம் புதிது. தலைவலி என்றாள், கண்ணுக்கு முன்னால் பொறி பறக்கிறது என்றாள். கம்பவுண்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டு, முதல் போட்டில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய்விடுங்கள், இது என் கையில் இல்லை என்றார். அப்பாவுக்கு அன்று சாயங்கால ஷிப்ட். போகும்போது என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னார்.

“ஏல, இன்னைக்கு நியூஸை ஒழுங்கா கேளு. காத்து ஏறுது. போட்டு முன்னப்பின்ன ஆனாலும் ஆகும்.”

ஏழு மணிக்குக் குமிழைத் திருகினேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் குமிழ் ஏற்கெனவே திறந்திருந்தது கைக்குத் தெரிந்தது. பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுபோய் அடுப்பு ஓரத்தில் வைத்தேன். வெயில் இல்லாத நாளில் நாங்கள் எல்லோரும் செய்கிறதுதான். சூடு பட்டால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். வந்தது. ஹிந்தியில் செய்தி வாசிப்பவர் குரல் எழுந்தது, கப்பல்களின் போக்குவரத்து என்று ஆரம்பித்தார், அப்படியே கிணற்றுக்குள் போனதுபோல அடங்கிவிட்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி வீடு. ஒரு குடையை எடுத்துக்கொண்டு போயிருந்தால் இங்கிலீஷ் செய்திக்காவது போய்ச் சேர்ந்திருப்பேன். போகவில்லை. போனால் மறுநாள் மில்லில் மேஸ்திரி அப்பாவிடம் உங்கள் ரேடியோவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார். பேட்டரி கதை வெளியே வரும். எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. நூறு தடவை மாறாமல் வெள்ளிக்கிழமை வந்த போட் இந்தத் தடவையும் வெள்ளிக்கிழமைதான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெபமாலையோடு அம்மா வந்து கேட்டாள்.

“என்னய்யா சொன்னான்? போட்டு எப்பவாம்?”

“மாத்தமில்லம்மா. வெள்ளிக்கிழமைதான்.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த அக்கா தலையைத் திருப்பிக் கதவு வழியாக என்னைப் பார்த்தாள். வீங்கிய முகத்தில் கண் சின்னதாகத் தெரிந்தது. தலைவலி தாங்காமல் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன் விடிந்து கொஞ்ச நேரத்தில் போட்டின் சங்கு ஊதியது.

அதைக் கேட்டபோது எனக்கு வந்த பயத்தை என்னால் இப்போதும் எழுத முடியாது; எழுதவும் பிடிக்கவில்லை. அப்பா கட்டியிருந்த லுங்கியோடு படகுத்துறைக்கு ஓடினார். நானும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். பாதையெல்லாம் சேறு. ஒரு மைலுக்கு மேல் இருக்கும். அக்கா கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள் என்றாள். அம்மா பின்னால் வேகமாகப் போங்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா படகுத்துறை முனையில் நின்று துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். போட் சிறிதாகியிருந்தது. கடல் வற்றிக்கொண்டிருந்தது, தாமதித்தால் போட் தரைதட்டும்; ஒரு நோயாளி வருகிறாள் என்று சொல்ல அப்பா போய்ச் சேர்வதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

யாரையோ வழியனுப்ப வந்திருந்த வங்காளி மேஸ்திரி நாற்காலியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“ஜஹாஸ் தோ சலா கயா. கல் ரேடியோ மே போலா தா. தும் லோக் சுனா நஹி?”

கப்பல் போய்விட்டது, நேற்றே ரேடியோவில் சொன்னார்களே, நீங்கள் கேட்கவில்லையா என்று. காற்று பலக்கப் போவதால் புதன் காலையே வரும், வெள்ளிக்கிழமை போட் கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார். நான் கேட்ட நியூஸில் அப்படிச் சொல்லவில்லை என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. அக்கா நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டாள்.

டுங்கி என்கிற சின்ன மரப்படகில் கடக்க யாரும் துணியவில்லை. அந்த அலையில் துணிந்திருந்தாலும் கவிழ்ந்திருப்பார்கள். வியாழக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு வலிப்பு வந்தது. கம்பவுண்டர் தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் செய்து அவளைப் பிழைக்கவைத்தார். குழந்தை அசைவில்லாமல் பிறந்தது. ஆண். அப்பா மில்லிலிருந்து படாக் மரப் பலகை கொண்டுவந்து தன் கையாலேயே பெட்டி செய்தார். ஒரு கையில் தூக்கிப் போகிற அளவுதான் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா என்னை நம்பினார். தன் மகன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ரேடியோக்காரர்கள் ஒழுங்காக அறிவிக்கவில்லை, ஏதோ ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிட்டார்கள், அதனால் என் பேரன் போனான் என்று மேலிடத்துக்கு மனு போடக் கிளம்பினார். இங்கிலீஷ் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். இரண்டு பக்கம். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். பதில் வந்தது: அறிவிப்பு இரண்டு மொழியிலும் முறைப்படி வாசிக்கப்பட்டது, தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். அதையும் நான்தான் படித்துச் சொன்னேன். புளுகுகிறான்கள் என்றார் அப்பா. சாகும்வரை அந்தப் பதிலைத் தன் பெட்டியில் வைத்திருந்தார். சாகும்வரை அவர் அந்த நிலையத்தைத் திட்டினார். உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ வருஷம் இருந்தது. ஒரு நாளும் வாய் வரவில்லை.

அக்காவுக்கு அதன்பிறகு குழந்தை தங்கவில்லை. மில் வேண்டாம் என்று போர்ட் பிளேருக்கு வந்து, எந்தச் சாபமோ, கப்பல் டிக்கெட் கவுன்ட்டரிலேயே எனக்கு வேலை கிடைத்தது. போட் எப்போது வரும் என்று யார் கேட்டாலும் நான் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்வேன். ரொம்பப் பொறுமையான மனுஷன் என்று பெயர் வாங்கினேன். ஒருமுறை, கல்யாணமாகி நானும் தகப்பனான பிறகு, அக்கா கேட்டாள்: அந்தப் பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. எந்தப் பாட்டு என்றேன். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

போன மாதம் கிடைத்துவிட்டது. பட்டியலின் அடியில், படம்கூட இல்லாமல், மற்றவர்களின் ஒப்பாரியும் இல்லாமல் கிடந்தது. ஒரே ஒரு தட்டுப் போட்டுவிட்டுக் காணாமல்போன குழு என்று எழுதியிருந்தான். எண்பதுகள் என்று தலைப்பு. எண்பது பிறக்கும் முன்பே எங்கள் தகரக் கூரைக்கு அடியில் அது ஒலித்தது அவனுக்கு எப்படித் தெரியும்? மோசமான பாட்டாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அழுத்தினேன். சின்ன வயதுப் பைத்தியம், இதற்குப் போயா என்று என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. அன்றைக்கு இருந்ததைவிடவும் நன்றாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கராச்சர்மா போனேன். அத்தான் இறந்த பிறகு அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். டீ போட்டுக் கொடுத்தாள். நான் முதலில் பாட்டைப் போடவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். அன்றைக்கு நான் நியூஸ் கேட்கவில்லை அக்கா, ரேடியோ ஓடவில்லை, பொய் சொன்னேன் என்றேன். இவ்வளவு வருஷம் சுமந்தது மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

“தெரியும்,” என்றாள். “பலகைச் செவருதானே. ரேடியோ பேசலைன்னு எனக்குக் கேக்காதா?”

தன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

“இன்னொண்ணு கேப்போம்னு நாந்தான சொன்னேன். சொன்னா அப்பா உன்னை உரிச்சிருவாரு. வெள்ளிக்கிழமைதானே, மூணு நாளுதானேன்னு வாயை மூடிட்டேன். நான் சொல்லியிருந்தா நீ அடி வாங்கியிருப்ப. அவன் இருந்திருப்பான்.”

எனக்காகத்தான் பேசாமல் இருந்தாள். அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இந்த வீட்டில் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். தப்பு என்னுடையது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது இறங்கியிருக்கும். பேட்டரியைத் தீர்த்தது பெரிய பாவமில்லை. எந்தப் பாட்டு என்று கேட்டேனே, அதுதான். போனை எடுத்துப் பாட்டைப் போட்டேன்.

ஐந்து ஸ்வரம் வந்ததும் அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். முழுவதும் கேட்டாள். கை தானாக எழுந்து வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது. எழுபது வயதைத் தாண்டிய வயிறு. முடிந்ததும் கேட்டாள்.

“எங்கடா கெடைச்சுது? நான் எத்தனை ரேடியோல தேடினேன் தெரியுமா. அவன் கேட்ட பாட்டுடா இது. அவன் வேற எதைக் கேட்டான்?”

பிறகு, “இன்னொரு தடவை வை,” என்றாள்.

வைத்தேன். மூன்றாம் தடவையும் வைக்கச் சொன்னாள், நாலாம் தடவையும். பேட்டரி தீரப்போகிறது என்று போன் திரையில் காட்டியது. நான் அவளிடம் சொல்லவில்லை. சார்ஜர் பையில்தான் இருந்தது. பாட்டு ஓடும்போது அவள் பக்கத்திலிருந்து எழுந்துபோகத்தான் மனம் வரவில்லை.